வாடையை வைத்து வழக்கா?

கேள்வி: வாயில் சரக்கு வாடை, காலில் தள்ளாட்டம், பேச்சில் குழறல். குடித்துவிட்டு வண்டி ஓட்டினார் என்று கோர்ட்டில் நிரூபிக்க இவ்வளவு போதாதா?

பதில்: மனைவிக்குப் போதும், மாஜிஸ்திரேட்டுக்குப் போதாது. மகாராஷ்டிர வழக்கு ஒன்றில், ரத்தத்தையோ சிறுநீரையோ சோதிக்காமல் வாடையையும் தள்ளாட்டத்தையும் மட்டும் வைத்துப் போதை என்று முடிவுகட்ட முடியாது என 1971-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவு கேட்பது எண்: 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால்.

முதல் தடவைக்கு 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. பலர் குற்றத்தை ஒப்புக்கொண்டு பணத்தைக் கட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். வழக்கை நடத்துகிறவரின் வக்கீல் டாக்டரைக் கூண்டில் ஏற்றினால்தான் சுவாரஸ்யம். "ஊசி குத்தும் முன் கையை எதனால் துடைத்தீர்கள்?" ஸ்பிரிட் என்று பதில் வந்தால் வக்கீல் முகத்தில் தீபாவளி. அடுத்து, "ரத்தக் குப்பியில் சோடியம் ஃபுளோரைடு போட்டீர்களா?" போடாமல் வெக்கையில் கிடந்தால் கிருமிகள் புகுந்து ரத்தத்திலேயே ஆல்கஹால் ஊறக்கூடும், டாஸ்மாக் தயவில்லாமல்!

இதைப் படித்துவிட்டு "ஊதவும் மாட்டேன், ரத்தமும் தர மாட்டேன்" என்று யாரும் கிளம்ப வேண்டாம். தக்க காரணமில்லாமல் மறுத்தால், அந்த மறுப்பையே போலீஸ் தரப்புக்கு வலு சேர்க்கும் சூழ்நிலையாகக் கோர்ட் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது 205-வது பிரிவு.