வருங்காலப் பண்ணையார்

பொங்கலூர்ப் பக்கம் என் மச்சானுக்கு ஒரு கலப்புப் பண்ணை இருக்கிறது. காடை, வான்கோழி, கினிக்கோழி, முயல், கொஞ்சம் கருங்கோழி, மூலையில் இரண்டு ஈமு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே போய்க் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்துகொண்டால் சினிமாவுக்குப் போகும் செலவு மிச்சம். பத்து மணிக்கு மேல் ஒரு கார் வரும். அதிலிருந்து இறங்குபவர் வாரா வாரம் வேறு ஆள்தான். ஆனாலும் எனக்கு எல்லாரும் ஒரே ஆளாகத்தான் தெரிகிறார்கள். அவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் வருங்காலப் பண்ணையார்.

வேலை கோயம்புத்தூரில் ஏதோ ஒரு கம்பெனியில், இல்லாவிட்டால் பேங்கில் விருப்ப ஓய்வு. ஊரில் தாத்தா விட்டுப்போன மூன்று ஏக்கர் 'சும்மா கிடக்கிறது'. அது சும்மா கிடப்பது பூமிக்கு ஒன்றும் கஷ்டமில்லை, இவருக்குத்தான் ராத்திரி தூக்கம் வருவதில்லை. ஆடு வாங்கி விடுங்களேன் என்றால் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். "அதைத்தான் எல்லாரும் பண்றாங்களே சார். நாம வித்தியாசமா எதாச்சும் பண்ணணும்." ஆடு வளர்த்தால் ஊரில் ஆட்டுக்காரன் என்பார்கள். ஈமு வளர்த்தால் தொழில்முனைவோர் என்பார்கள். அவருடைய கணக்கில் அது முதல் லாபம்.

கையில் டைரி இருக்கும். சட்டைப்பையில் மூடி போட்ட நல்ல பேனா. கேள்விகளை வீட்டிலேயே எழுதிக்கொண்டு வருவார். ஆனால் கம்பி வேலிக்கு முன்னால் போய் நின்றதும் எழுதி வைத்ததெல்லாம் மறந்து, வாயில் முதலில் வருவது ஒன்றே ஒன்று.

"ஏனுங்க, இது கடிக்குமுங்களா?"

காடைக் கூண்டின் முன்னாலும் இதையேதான் கேட்பார். கைப்பிடிக்குள் அடங்கும் பறவை அது. மச்சான் சலித்துக்கொள்வதே இல்லை. "கடிக்காதுங்ணா. ஈமு மட்டும் உதைக்கும். பின்னாடி நின்னா பரவால்லீங்க, முன்னாடி நிக்காதீங்க." மாட்டுக்கு நேர்மாறு. இதைக் கேட்டதும் அவர் இரண்டடி நகர்ந்து நிற்பார், எந்தப் பக்கம் நகர்வது என்று தெரியாமல் பெரும்பாலும் முன்பக்கமே.

அடுத்த கேள்வி, இது நெருப்புக்கோழிதானே? வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இந்தச் சந்தேகம் உண்டு. மச்சான் பதில் சொல்லாமல் காலைக் காட்டுவான். நெருப்புக்கோழிக்கு ஒவ்வொரு காலிலும் இரண்டு விரல், ஈமுவுக்கு மூன்று. அது ஆப்பிரிக்கா, இது ஆஸ்திரேலியா. அப்போது மண்ணுக்குள் தலையை விடுமா என்பார். இரண்டுமே விடாது. டைரியில் இதை எழுத மாட்டார். எண் இல்லாத எதையும் அவர் எழுதுவதில்லை.

எண் வந்துவிட்டால் ஆளே வேறு. காடையிடம் அவர் மயங்குவது அதனால்தான். ஜப்பான் காடை இந்தியாவுக்குள் வந்தது 1974இல். ஆறு ஏழு வாரத்தில் முட்டை போட ஆரம்பித்துவிடும், கறிக்கு ஐந்து வாரம் போதும், முட்டை பதினேழு பதினெட்டு நாளில் பொரியும், ஒரு கோழி நிற்கும் இடத்தில் ஐந்து காடை நிற்கும். மச்சான் இதைச் சொல்லச் சொல்ல அவர் பேனா ஓடுகிற ஓட்டம் இருக்கிறதே! வருஷத்துக்கு ஒரு காடை எத்தனை முட்டை? நன்றாகப் பார்த்துக்கொண்டால் 250 வரும். ஆயிரம் காடை, இரண்டரை லட்சம் முட்டை. முட்டை மூன்று ரூபாய்க்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். வைத்துக்கொண்டார்.

"ஏழரை லட்சம்!"

ஏழரை என்றதும் எனக்கு இருமல் வந்துவிட்டது. இருமினேனோ இல்லையோ, பக்கத்துக் கொட்டகையில் இருந்த வான்கோழிச் சேவல்கள் அத்தனையும் ஒரே குரலில் கொளகொளவென்று கத்தின. அதன் சுபாவம் அப்படி. பக்கத்தில் எவன் சத்தம் போட்டாலும் கூட்டமாகப் பதில் கொடுக்கும். அவர் அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டார். சிரித்தபடி மறுபடியும் "ஏழரை லட்சம்!" என்றார், சத்தமாக. வான்கோழிகள் மறுபடியும் ஆமோதித்தன. கட்சிக் கூட்டங்களில்கூட இவ்வளவு ஒழுங்காக நடந்து நான் பார்த்ததில்லை.

பெருக்கல் அவருக்கு அத்துப்படி. கழித்தல் நடத்திய அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டிருப்பார் போல. காடை அடைகாக்காது, அந்தக் குணம் கூண்டு வாழ்க்கையில் போய்விட்டது, அதனால் பொரிப்பதற்கு இன்குபேட்டர் வேண்டும், அதற்குக் கரண்ட் வேண்டும், கரண்ட் போனால் ஜெனரேட்டர் வேண்டும். குஞ்சு கட்டைவிரல் பருமன்கூட இருக்காது. தண்ணீர்த் தட்டில் கூழாங்கல்லோ கோலிக்குண்டோ போட்டு வைக்க வேண்டும், இல்லாவிட்டால் குடிக்கப் போன குஞ்சு தட்டிலேயே மூழ்கிச் செத்துக் கிடக்கும். மச்சான் ஒரு தட்டை எடுத்து, உள்ளே கிடக்கிற கல்லைக் குலுக்கிக் காட்டினான். பண்ணைத்தொழில் முழுக்க அந்தத் தட்டில்தான் இருக்கிறது என்று சொல்வேன். வருங்காலப் பண்ணையார் அந்த நேரத்தில் டைரியில் லட்சத்துக்குப் பக்கத்தில் கமா போட்டுக்கொண்டிருந்தார்.

கருங்கோழி ஷெட்டில் அதிக நேரம் நிற்க மாட்டார். "தோல் கருப்பு, கறி கருப்பு, எலும்பும் கருப்பு. அப்ப முட்டையும் கருப்புங்களா?" இல்லை, வெளிர்ப்பழுப்புதான். மத்தியப் பிரதேசத்து ஜாபுவா மாவட்டத்துக் கடக்நாத், 2018இல் புவிசார் குறியீடு வாங்கியது என்றெல்லாம் மச்சான் சொன்னாலும் முட்டை கருப்பில்லை என்றதிலேயே அவருக்குப் பாதி உற்சாகம் வடிந்துவிடும். ஏமாற்றிவிட்டது மாதிரி கோழியைப் பார்ப்பார்.

முயல் கூண்டில் கேள்வி கேட்பது அவருடைய பெண்ணாக இருக்கும். அன்றைக்கு வந்த ஐந்தாம் வகுப்புப் பெண் அரை மணி நேரம் ஒரே கூண்டுக்கு முன்னால் குந்தியிருந்துவிட்டு, "மாமா, இது அதோட கக்காவையே சாப்பிடுது" என்றாள். அப்பா "சீ, வா இந்தப் பக்கம்" என்றார். ஆனால் அந்தக் காலைப்பொழுதில் கேட்கப்பட்டவற்றில் உருப்படியானது அதுதான். முயலுக்குப் புழுக்கை இரண்டு வகை. நாம் பார்ப்பது காய்ந்தது. இன்னொன்று மிருதுவானது, அதைக் கீழே விழ விடாமல் வாயாலேயே எடுத்து விழுங்கிவிடும். முதல் தடவை குடலில் தப்பிப்போன சத்து இரண்டாவது தடவை சேரும். நோயும் இல்லை, பசிக்கொடுமையும் இல்லை. மச்சான் விளக்கினான், அவள் தலையாட்டினாள், அப்பா மூக்கைப் பொத்திக்கொண்டு, "குட்டி என்ன விலைக்குப் போகுதுங்க?" என்றார்.

கொஞ்ச நாளாக இன்னொரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது. "கழுதைப்பால் லிட்டர் ஆயிரக்கணக்குல போகுதாமே?" ஊரில் கழுதையை வாசலுக்கே ஓட்டிக்கொண்டு வந்து, பச்சைப்பிள்ளைக்கு ஒரு பாலாடை கறந்து கொடுத்துக் காசு வாங்கிப் போவார்கள். அதைப் பார்த்து வளர்ந்தவர்தான் இவரும். அன்றைக்கு ஓடி ஒளிந்தவர் இன்றைக்கு லிட்டர் கணக்குப் போடுகிறார். கழுதை ஒரு நாளைக்கு ஒரு லிட்டர்கூடக் கறக்காது, அதுவும் குட்டி பக்கத்தில் நின்றால்தான். சினை ஏறக்குறைய ஒரு வருஷம். இதைச் சொன்னால், "அப்ப நூறு கழுதை வேணும்" என்பார்.

ஈமுவுக்கு வருவோம். அந்த இரண்டும் மச்சான் ஆசைப்பட்டு வாங்கியவை இல்லை. ஈரோடு மாவட்டத்தில் பெருந்துறையைச் சுற்றி ஒரு காலத்தில் ஈமுப் பைத்தியம் பிடித்து ஆட்டியது. முன்பணம் கட்டினால் குஞ்சு தருவார்கள், தீவனம் தருவார்கள், மாதாமாதம் வளர்ப்புக்கூலி தருவார்கள், கடைசியில் கட்டிய பணமும் திரும்பும். 2012 ஆகஸ்டில் எல்லாம் கவிழ்ந்தது. நிறுவனத்துக்காரர்கள் ஓடினார்கள், பணம் போட்டவர்கள் போலீஸ் ஸ்டேஷனில் வரிசையில் நின்றார்கள், தீவனம் இல்லாமல் பறவைகள் செத்தன, மிச்சத்துக்கு அரசாங்கம் தீனி போட வேண்டியிருந்தது. பராமரித்தால் ஈமு இருபது வருஷத்துக்கு மேலேயே உயிரோடு இருக்கும். கம்பெனி போய்ச் சேர்ந்தது, பறவை போகவில்லை. யாரோ ஒருவர் மச்சான் வாசலில் கொண்டுவந்து விட்டுப்போன ஜோடி இது.

அன்றைக்குப் பணம் போட்டவர்கள் கேள்வி கேட்காதவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. நிறையக் கேட்டார்கள். எத்தனை கிலோ வரும்? நாற்பது கிலோ தாண்டும். கொழுப்பில் எண்ணெய் எடுக்கலாமா? எடுக்கலாம். தோல்? பை தைக்கலாம். முட்டை ஓடு? கரும்பச்சை நிறம், செதுக்கி அலங்காரத்துக்கு வைப்பார்கள். அத்தனையும் நிஜம். ஞாயிற்றுக்கிழமை பையை எடுத்துக்கொண்டு ஈமுக்கறிக்காகக் கடையில் நிற்கப்போவது யார் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. வளர்ப்பவனிடம் வாங்கியவன் இன்னொரு வளர்ப்பவன். அமெரிக்காவில் டெக்சாஸ் பக்கம் 1990களில் இதே கூத்து நடந்தது, விலை விழுந்ததும் வேலியைத் திறந்து விட்டுவிட்டவர்களும் உண்டு. ஆக, இது நம்மூர்ப் பேராசை மட்டுமில்லை என்று ஆறுதல் பட்டுக்கொள்ளலாம்.

வருங்காலப் பண்ணையாருக்கு இந்தக் கதை தெரியும். தெரியாமல் என்ன? "அவங்க சரியா மார்க்கெட்டிங் பண்ணலீங்க" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். கூடவே, "ஆஸ்திரேலியாவுல இதுகூடச் சண்டையே போட்டாங்களாம், தெரியுங்களா?" என்பார். கோதுமை வயலில் இறங்கிய ஈமுக்களைச் சுட 1932இல் மேற்கு ஆஸ்திரேலியாவுக்கு ராணுவமே மெஷின்கன்னோடு போனது உண்மைதான்.

"யாருங்க ஜெயிச்சது?" என்று கேட்டான் தீவனம் போடும் பையன்.

"ஈமுதான்" என்றான் மச்சான்.

ஆண் எது, பெண் எது என்று ஒரு கேள்வி வரும். பார்த்தால் தெரியாது, சத்தத்தில்தான் தெரியும். பெட்டை தொண்டைக்குள் உறுமி அடிக்கிற மாதிரி அதிரும், ஆண் வெறுமனே முனகும். முட்டையிட்டுவிட்டுப் பெட்டை போய்விடும், ஏறக்குறைய எட்டு வாரம் தீனியைக்கூட அவ்வளவாகத் தொடாமல் அடைகாப்பது ஆண். பொரிந்த குஞ்சுகளை மேய்ப்பதும் அதுவே. இதைச் சொன்னபோது அவர் சம்சாரம் முதல் தடவையாக ஈமுவை மரியாதையோடு பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார். கணவர் அவசரமாக, "இன்குபேட்டர் என்ன விலைங்க?" என்று கேட்டு டைரியைத் திறந்து பேனா மூடியைக் கழற்றினார்.

மூடி வெள்ளி நிறம், வெயிலில் பளபளத்தது. ஈமுவுக்கு மின்னுகிற எதைப் பார்த்தாலும் வாய் ஊறும். கழுத்து வேலிக்கு மேல் ஒரு நொடி நீண்டது, மூடியைக் கொத்தி எடுத்தது, தலையை மேலே தூக்கி ஒரு விழுங்கு. அந்த நீளக் கழுத்தில் மூடி இறங்குவதை மேலிருந்து கீழ்வரை எல்லாரும் பார்த்தோம்.

"ஐயையோ, திரும்பக் கிடைக்குமுங்களா?"

பையன் யோசித்துப் பார்த்து, "ரெண்டொரு நாள் ஆகுமுங்க. கழுவி வெச்சர்றேன்" என்றான்.

இவ்வளவு நேரமும் காரை விட்டு இறங்காமல் உள்ளேயே உட்கார்ந்திருந்த அவருடைய ஆத்தா, கண்ணாடியை இறக்கி மச்சானைக் கூப்பிட்டார்.

"ஏங்கண்ணு, இதையெல்லாம் யாரு திங்கறாங்க?"

"கொஞ்சம் பேர் வாங்குவாங்க ஆத்தா."

"நாட்டுக்கோழி முட்டை இருக்குதா?"

பின்கட்டில் மேய்கிற வீட்டுக்கோழிகளின் முட்டை கொஞ்சம் இருந்தது. பையன் ஒரு டஜனைப் பையில் போட்டுக்கொண்டு வந்தான். அன்றைக்கு நடந்த வியாபாரம் அவ்வளவுதான். ஆத்தா ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, முந்தானை முடிச்சை அவிழ்க்காமலே சொன்னார்:

"சிறுசு சிறுசா இருக்குதே கண்ணு. மேலைக்கு ரெண்டு போடு."