திரைப் புணரியல்

படம் நிலைமொழி, திரை வருமொழி. கைபேசி விளையாட்டுக்குப் படம் வரைகிறவர்கள் அன்றாடம் படும் பாடு புணர்ச்சி இலக்கணமே என்பதும், அது தெரியாமல்தான் அதை 'ஸ்கேலிங் பிரச்சினை' என்று புலம்புகிறார்கள் என்பதும் இவ்வாய்வின் துணிபு. 13ஆம் நூற்றாண்டிலேயே இலக்கண ஆசிரியர் பவணந்தியார் தீர்த்துவைத்துவிட்டுப் போன சங்கதி இது.

முதலில் இயல்புப் புணர்ச்சி. 2007இல் வந்த ஐபோனின் திரை 320க்கு 480 பிக்சல். அதே அளவில் வரைந்தால் படம் அப்படியே பொருந்தும். 2010இல் ஐபோன் 4 அதை 640க்கு 960 ஆக்கியது. சரியாக இரண்டு மடங்கு என்பதால் கோடு பிசகவில்லை. நினைவகம்தான் நான்கு மடங்கு தின்றது: 1024க்கு 1024 படத்தைச் சுருக்காமல் ஏற்றினால் 4 எம்பி, பக்கத்தை இரட்டித்தால் 16. இலக்கணிகள் இதைக் கண்டுகொள்ளாமல் விடலாம். போன் விடாது, விளையாட்டையே மூடிவிடும்.

2012இல் ஐபோன் 5 வந்தது: 640க்கு 1136. ஒரு பக்கம் மட்டும் வளர்ந்த திரை; போனைப் படுக்கவைத்து ஆடினால் வளர்ந்தது அகலம். தோன்றல், திரிதல், கெடுதல் என்னும் மூன்று விகாரமும் தொடங்கிய இடம் இதுவே.

தோன்றலாவது, படத்தில் இல்லாத கருப்புப் பட்டை இருபுறமும் முளைப்பது. புதுப்பிக்காத பழைய செயலிகளுக்கு ஆப்பிள் இதைத்தான் விதித்தது, பக்கத்துக்கு 88 பிக்சல் வீதம்.

திரிதலாவது, 960ஐப் பிடித்து 1136க்கு இழுப்பது. இதன் கொடுமையை அறிய ஒரு தங்கக் காசு போதும். 64க்கு 64 என்று வட்டமாக வரைந்த காசு 76க்கு 64 ஆகிக் கோழிமுட்டையாகிவிடும். உருண்டு போகும் காசு என்றால் இன்னும் விசேஷம்: எத்தனை சுற்று உருண்டாலும் முட்டை படுத்தபடியேதான் இருக்கும். திரிதலை ஆதரிப்போருடன் இவ்வாய்வாளனுக்குப் பேச்சுவார்த்தை இல்லை.

கெடுதலாவது, விகிதம் மாறாமல் பெரிதாக்கி, மிஞ்சியதை வெட்டுவது. மேலும் கீழும் சுமார் 59 பிக்சல் போய்விடும். மேலே இருந்தது நிறுத்தும் பொத்தான். அதன் அருமை அம்மா சாப்பிடக் கூப்பிடும்போதுதான் தெரியும். ஆயினும் மூன்றில் கெடுதலே மேல் என்போம். வானத்தையும் மலையையும் தேவைக்கு மேல் அகலமாக வரைந்து வெட்டுக்கு விட்டுவிட வேண்டும். பொத்தான்களைப் படத்தோடு சேர்க்காமல் திரையின் ஓரத்தோடு கட்டிவிட வேண்டும்.

இனி செய்யுள் விகாரம். ஆண்ட்ராய்டு, திரைகளை 160, 240, 320, 480, 640 டிபிஐ என வகுத்திருக்கிறது. இதில் 160இலிருந்து 240க்குப் போவது ஒன்றரை மடங்கு. அரைப் பிக்சல் என்று உலகில் ஒன்று கிடையாது. ஆகவே புள்ளி புள்ளியாக வரைந்த குட்டி வீரனின் ஒரு கண் ஒரு பிக்சலாகவே நிற்க, மறு கண் இரண்டு பிக்சல் அகலமாகிவிடும். பக்கத்துப் புள்ளியை அப்படியே நகலெடுக்கும் இம்முறை வலித்தல். புள்ளிகளைக் கலந்து சராசரி எடுப்பது மெலித்தல். அதில் இரு கண்ணும் சமமாகும், ஆனால் இரண்டிலும் புரை விழுந்தாற்போல் இருக்கும். முழு மடங்கில் பெரிதாக்கி, மிச்சத்துக்குத் தோன்றலை ஏற்பதே இவ்வகைப் படத்துக்கு வழி.

நீட்டலுக்கு வரம்பு கட்டியது நைன்-பேட்ச் என்னும் பட வகை. படத்தைச் சுற்றி ஒரு பிக்சல் ஓரம் விட்டு, அதன் மேற்புறத்திலும் இடப்புறத்திலும் எங்கே கருப்புக் கோடு இருக்கிறதோ அங்கே மட்டும் இழுக்கலாம். பொத்தானின் வளைந்த நான்கு மூலைகளும் தப்பித்தது இதனால்தான்.

குறை விகாரத்தில் இடைக்குறைக்கு நெடுநாள் சான்று கிடைக்காமல் இருந்தது. 2017இல் ஐபோன் எக்ஸ் தன் நெற்றியில் ஒரு வெட்டோடு வந்து அக்குறையைத் தீர்த்தது. போனைப் படுக்கவைத்தால் மேல் மூலையும் கீழ் மூலையும் இருக்க, நடுவில் உள்ளது மட்டும் மறையும்.

புறனடை: மடிக்கும் போன்கள். விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே திரையை விரிக்கிறார்கள். நிலைமொழியோடு புணர்ந்து முடித்த வருமொழி, பாதி ஆட்டத்தில் வேறு சொல்லாகிறது. இதற்குப் பவணந்தியாரிடமும் சூத்திரம் இல்லை.