ஜன்னல் திறக்கும் மகாசமூகத்துக்கு ஒரு விண்ணப்பம்

பெறுநர்: கணினித் திரையில் எந்தப் பெட்டி எங்கே திறக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் மேன்மை தங்கிய மென்பொருள் பெருமக்கள்.

அனுப்புநர்: கடையத்தில் டிடிபி, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அடியேன்.

ஐயாமார்களே,

போன வாரம் ஊர்க் கோயில் கொடைக்கு நோட்டீஸ் அடித்தேன். போன வருஷக் கோப்பைத் திறந்து, தலைக்கட்டு வரி 500 என்றிருந்த இடங்களை 1000 ஆக்க வேண்டும். தேடி மாற்றும் பெட்டியை அழைத்தேன். எந்த எண்ணைத் தேடிப் பிடித்ததோ, அதே எண்ணின் தலையில் வந்து உட்கார்ந்தது. கண்டுபிடித்துவிட்டேன் என்கிறது, எதை என்று காட்ட மாட்டேன் என்கிறது. தங்கள் அடக்கமே அடக்கம்! நானும் நம்பி 'மாற்று', 'மாற்று' என்று தட்டினேன். பெட்டிக்கு அடியில் வில்லுப்பாட்டு உபயம் 5000 இருந்திருக்கிறது. அதற்குள் கிடந்த 500-ம் 1000 ஆனதில், உபயம் 10000.

நோட்டீஸ் ஊரெல்லாம் போனபிறகு உபயதாரர் மாமா கடைக்கு வந்தார். "ஏ மருமவனே, எனக்கே தெரியாம எங்கிட்ட பத்தாயிரம் வாங்கிட்டியே, கெட்டிக்காரம்ல நீ!" ஆதார் நகல் எடுக்க நின்ற ஏழெட்டுப் பேரும் சிரித்தார்கள்.

குற்றாலம் எங்களுக்குப் பக்கம். அடுத்தடுத்த ஜன்னல் கொஞ்சம் கீழே, கொஞ்சம் வலப்பக்கம் தள்ளித் திறப்பதற்குத் தங்கள் பாஷையில் 'கேஸ்கேட்', அதாவது அருவி என்று பெயராம். மெய்சிலிர்த்தேன். என் திரையில் தினமும் ஐந்தருவி. ஆறாவது ஜன்னல் 'சரி' பொத்தானோடு வழுக்கித் திரைக்குக் கீழே போய்விடுகிறது. சீசன் கூட்டத்தில்கூடப் புதிதாக வருகிறவன் இடித்துக்கொண்டு பக்கத்தில்தான் நிற்பான். நம் தலைமேல் ஏறமாட்டான். தண்ணீர் மிஞ்சினால் குளிக்கத் தடை போடுவார்கள். தங்கள் அருவிக்குத் தடையும் கிடையாது, சாரலும் கிடையாது.

1985-ல் வந்த முதல் விண்டோஸில் நிரல்களின் ஜன்னல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாது. திரையைப் பங்குபோட்டு நிற்கும். ஏறுகிற சுதந்திரம் 1987-ல் இரண்டாம் பதிப்போடு வந்தது. வந்தது வந்ததுதான்.

அந்தத் தேடி மாற்றும் பெட்டியைத் தினம் இருபது தடவை பிடித்து ஓரத்துக்கு இழுத்துவிடுகிறேன். மறுநாள் மறுபடியும் நட்டநடுவில். மேலிருந்து எவ்வளவு, இடமிருந்து எவ்வளவு, அகலம், உயரம்: நாலே நாலு எண். எட்டு ஜிபி நினைவகம் கேட்கத் தெரிகிறது, அதில் நாலு எண் வைக்க இடமில்லையா? வேலை செய்கிறவன் கண்ணைப் பொத்திவிட்டு, வேலையைச் செய் என்றால் என்னய்யா நியாயம்?

மன்னிக்கவும். தாங்கள் அருவி, நான் அடியில் கிடக்கும் கூழாங்கல். கொட்டுவது தங்கள் பெருந்தன்மை.

மாமா ஐயாயிரம்தான் தருவேன் என்றுவிட்டார். மீதியைக் கமிட்டியார் என் தலையில் கட்டினார்கள். கட்டிவிட்டேன், ரசீதை மட்டும் 'ஜன்னல் திறப்போர், நடுத்திரை' என்று தங்கள் பேருக்கே போடச் சொன்னேன். கொடைக்கு அவசியம் வாருங்கள். ராத்திரி பத்து மணிக்கு வில்லுப்பாட்டு. வந்தால் ஓரமாக உட்காருங்கள். பின்னால் ஆள் இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் கூழாங்கல்