சம்பளம் கொடுத்துச் சேவையா?

கேள்வி: தொண்டு நிறுவனங்களுக்கு வரும் பணத்தில் பாதி, சம்பளத்துக்கும் ஜீப்புக்குமே போய்விடுகிறதாமே?

பதில்: ஜீப்பை விற்றுவிடலாம். சம்பளத்தில் கை வைக்குமுன் வங்கதேசத்தைப் பாருங்கள். ஃபஸ்லே ஹசன் அபேத் 1972-இல் தொடங்கிய பிராக் என்ற தொண்டு நிறுவனம், 1980 முதல் பத்தாண்டுகள் வீடு வீடாகப் போய், வயிற்றுப்போக்குக்கு உப்பு-வெல்லக் கரைசல் செய்யத் தாய்மார்களுக்குக் கற்றுக்கொடுத்தது: மூன்று விரலால் கிள்ளிய உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகள். சரக்கெல்லாம் அந்தந்த வீட்டு அடுப்படியிலேயே இருந்தது. ஆகவே பெரும்பாலும் ஆள் செலவுதான். சூட்சுமமும் அங்கேதான். வேறோர் ஆள் பின்னால் போய்ச் சில வீடுகளில் விசாரிப்பார். தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ அதற்கேற்பத்தான் சொல்லிக்கொடுத்தவருக்குக் கூலி. (நம் பள்ளிகளில் இதைச் சொல்லிப் பாருங்கள், மறியலே நடக்கும்!)

ஏப்பம் விடுபவர்கள் இல்லையா என்பீர்கள். இருக்கிறார்கள். அதற்காகத்தான் நம் நாட்டில் 2020-இல் சட்டத்தைத் திருத்தி, வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20-ஆக இறக்கினார்கள். திருடத் தெரிந்தவர் 20-க்குள் அடங்கும்படி ரசீது தயாரித்துவிடுவார். நேர்மையானவர் நிர்வாகச் செலவைக் குறைக்கப் பார்த்தால், பின்னால் போய் விசாரிக்கும் ஆளுக்குத்தான் முதலில் சீட்டுக் கிழியும். ‘இதெல்லாம் அரசின் வேலை’ என்பதும் நியாயமே. ஓட்டுக் கேட்டு வராத தொண்டு நிறுவனத்தை ஓட்டுப் போட்டு விரட்ட முடியாதே. ஆகவே நன்கொடை கேட்டு வருபவரிடம், போன வருடம் செய்த வேலையை இந்த வருடம் யார் போய்ச் சரிபார்த்தார் என்று கேளுங்கள். பதிலுக்கு வழவழத் தாளில் ஆண்டறிக்கையை நீட்டினால், காசோலைப் புத்தகத்தை மூடிவிடுங்கள்.