கேள்வி இல்லை, ஒரு சின்ன கருத்து

மாட்டுங்காவிலோ செம்பூரிலோ எந்த அரங்கில் மைக் சோதனை நடந்தாலும், "ஹலோ, ஹலோ" கேட்பதற்கு முன்பே முன்வரிசையில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். மின்விசிறிக்கு நேர் கீழே. ஏ.சி. அரங்கமென்றால் கழுத்தில் மப்ளர் ஏறியிருக்கும். மும்பையில் மப்ளர் விற்கிறவன் இவரை நம்பித்தான் கடை வைத்திருக்கிறான். தோளில் ஜோல்னா பை. அதற்குள் குடை, மாத்திரை டப்பா, வெந்நீர் பிளாஸ்க், ஒரு கோடு போட்ட நோட்டு, அடுத்த வாரக் கூட்டங்களின் அழைப்பிதழ்கள். சொற்பொழிவு மாமா என்று பேர் வைத்திருக்கிறோம். செம்பூரில் தடுக்கி விழுந்தால் இப்படி ஒரு மாமா மேல்தான் விழவேண்டும்.

வங்கி, எல்.ஐ.சி., துறைமுகம், ரயில்வே, உரக் கம்பெனி என்று எங்கேயோ ஓய்வு பெற்றவர். பென்ஷன் வருகிறது, பிள்ளை நியூ ஜெர்சியில், முழங்கால் இன்னும் படியேறுகிறது. மாமாவின் வாரம் ஒரு பல்கலைக்கழகத்தின் கால அட்டவணை போல நிரம்பியிருக்கும். திங்களன்று ஆஸ்திக சமாஜத்தில் உபன்யாசம். செவ்வாய் கண்புரை பற்றி டாக்டர் பேச்சு; போனால் கண்ணையும் இலவசமாகப் பார்த்துவிடுவார்கள். நடுவில் மியூச்சுவல் ஃபண்ட் விளக்கக் கூட்டம், மைசூர் அசோசியேஷனில் ஏதாவது, ஷண்முகானந்தாவில் ஒரு பாராட்டு விழா. மாதத்தில் ஒரு ஞாயிறு காலை மாட்டுங்கா மேற்குப் பக்கம் ரூபாரேல் கல்லூரிக்கு நடை. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் 2009 முதல் நடத்திவரும் 'சாய் அண்ட் ஒய்?' பேச்சு அங்கே. விஞ்ஞானியும் டீயும் ஒரே இடத்தில் கிடைக்கும்போது வீட்டில் உட்காருவது பாவம் என்பது மாமாவின் கட்சி.

மாமி வேறு கட்சி. "ஏன்னா, பிளாக் ஹோலுக்குள்ள போனது திரும்பி வராதாமே? போன வாரம் நீங்க எடுத்துண்டு போன எவர்சில்வர் டப்பா அங்கதான் போயிருக்கும். வரச்சே மார்க்கெட்ல பாஜி வாங்கிண்டு வாங்கோ."

மாமாவைச் சொல்லிக் குற்றமில்லை, ஊர் அப்படி. கோடை பிறந்தால் மராட்டியர்களுக்கு மாம்பழமும் வேண்டும், வியாக்கியானமும் வேண்டும். நீதிபதி ரானடே 1875-ல் புனேயில் தொடங்கிவைத்த வசந்த வியாக்கியானமாலா இன்றும் நடக்கிறது. அதைப் பார்த்து ஊருக்கு ஊர், பேட்டைக்குப் பேட்டை கிளைகள். பிரான்சில் துலூஸ் நகரத்துக்காரர்கள் 1973-ல்தான் ஓய்வு பெற்றவர்களுக்கென்று தனியாகப் பல்கலைக்கழகம் கண்டார்கள். இங்கே நூறு வருஷம் முன்னாலேயே ஜமக்காளம் விரித்தாயிற்று. தாதரில் நடக்கும் மராத்திப் பேச்சுக்கும் மாமா போவார். ஐம்பது வருஷம் மும்பையில் குப்பை கொட்டியும் மராத்தி ஜோக்குக்கு மட்டும் பக்கத்து நாற்காலியைப் பார்த்துவிட்டு அரை விநாடி தள்ளித்தான் சிரிப்பார்.

கோட்டைப் பக்கம் ஆசியாட்டிக் சொசைட்டியில் கூட்டமென்றால் மாமாவுக்குத் தனிக் களை. 1833-ல் கட்டி முடித்த டவுன் ஹாலின் படிகளில் பாதியில் நின்று மூச்சு வாங்குவார். அதை மூச்சு வாங்குவது என்று ஒப்புக்கொள்ளமாட்டார். அந்த இடத்தில்தான் கூட வருகிறவருக்குத் தாந்தே கதையைச் சொல்வது வழக்கம். இந்த நூலகத்தில் இருக்கும் பழைய தாந்தே கைப்பிரதிக்கு முசோலினி பத்து லட்சம் பவுண்டு தருகிறேன் என்றானாம், சொசைட்டிக்காரர்கள் முடியாது என்றுவிட்டார்களாம். "பத்து லட்சம் பவுண்டு ஓய்! நம்ம சொசைட்டியில பெயின்ட் அடிக்கப் பத்தாயிரம் பெயர மாட்டேங்கறது." இரண்டாவது சொசைட்டி அவர் குடியிருக்கும் செம்பூர்க் கட்டடம்.

செம்பூர்க் கூட்டங்களுக்கு ஒரு விசேஷ ஆபத்து உண்டு. பக்கத்திலேயே டிராம்பே. பேச்சாளர் "அணு" என்று வாயெடுத்தால் போதும், அவையில் கால்வாசிப் பேர் நிமிர்ந்து உட்காருவார்கள். 1956 ஆகஸ்ட் 4-ம் தேதி ஆசியாவின் முதல் அணு உலையான அப்சரா அங்கே உயிர்பெற்றதை, கூடவே இருந்து ஊதி ஊதிப் பற்றவைத்ததுபோல் விவரிக்க ஆளிருக்கிறது. நிஜமான விஞ்ஞானிகள் பழக்க தோஷத்தில் வாயைத் திறக்கமாட்டார்கள். கணக்குப் பிரிவில் இருந்தவர்தான் அணுவைப் பிளந்து காட்டுவார்.

இதெல்லாம் சில்லறை. மாமாவின் மேதாவிலாசம் பேச்சு முடிந்தபின்தான் வெளிப்படும். தலைவர் எழுந்து, "கேள்விகள் இருந்தால் சுருக்கமாக, ஒரே ஒரு கேள்வி" என்று சொல்லும்போதே கண்ணை மாமா இருக்கும் திசையிலிருந்து திருப்பிக்கொள்வார். பிரயோஜனம் இல்லை. மைக் எப்படியோ மாமா கைக்கு வந்துவிடும்.

"கேள்வி இல்லை, ஒரு சின்ன கருத்து."

அன்றைக்குத் தலைப்பு சோழர் கடற்படை. பாவம், இளம் ஆய்வாளர். 1025-ல் ராஜேந்திரன் கடாரத்தின் மேல் படையெடுத்ததைப் படங்களோடு அழகாகச் சொல்லியிருந்தார். மாமா கடாரத்தில்தான் ஆரம்பித்தார். கடாரம் என்றால் கெடா, கெடா என்றால் மலேசியா, மலேசியாவில் மைத்துனன் இருந்தது, அவன் கப்பலில் போனபோது வாந்தி எடுத்தது, அந்தக் காலத்துக் கப்பல் டிக்கெட், இந்தக் காலத்து ரயில் டிக்கெட், 2020 மார்ச்சில் மூத்த குடிமக்களின் ரயில் சலுகையை நிறுத்தியது. "ஆகவே, சோழர் காலத்தில் முதியவர்களுக்குக் கப்பலில் சலுகை இருந்ததா என்பதற்கு ஆசிரியர் விளக்கம் தரவேண்டும்." ஆய்வாளர் தண்ணீர் குடித்தார்.

ரூபாரேல் கூட்டங்களில் இந்த ஜம்பம் பலிக்காது. அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளும் வருவார்கள். ஒரு பொடியன் எழுந்து ஐந்தாறு வார்த்தையில் கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவான். விஞ்ஞானி முகம் மலர்ந்து பத்து நிமிஷம் பதில் சொல்வார். மாமா அந்தப் பொடியனை, முறை தெரியாத பிள்ளை என்பதுபோல் பார்ப்பார்.

சிரிக்கலாம், நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் அந்த நோட்டைத் திறந்து பாருங்கள். பக்கம் பக்கமாகக் கொக்கியும் வளைவும் புள்ளியும். பிட்மன் சுருக்கெழுத்து. தஞ்சாவூரிலும் பாலக்காட்டிலும் டைப்பும் ஷார்ட்ஹேண்டும் பாஸ் செய்து, படுக்கைச் சுருளோடு தாதரில் வந்து இறங்கிய தலைமுறைகளின் கடைசி வாரிசு இந்த மாமா. துரை, பார்சி முதலாளி, அப்புறம் குஜராத்தி மேனேஜர் என்று எதிரே இருந்தவர்கள் மாறினார்கள், நாற்காலியும் பென்சிலும் மாறவில்லை. 'டியர் சார்' முதல் 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி' வரை முப்பத்தைந்து வருஷம் அடுத்தவன் பேச்சை ஒரு சொல் விடாமல் எழுதியவரிடம், "நீ என்னப்பா நினைக்கிறாய்?" என்று ஒருவனும் கேட்டதில்லை. அந்த அரியர்ஸைத்தான் இப்போது தவணை முறையில் வாங்கிக்கொண்டிருக்கிறார். பன்னிரண்டு நிமிஷக் கேள்வி என்பது என் கணக்கில் அதிகமில்லை. நான் தலைவராக இருந்தால் மட்டும் வேறு மாதிரி கணக்குப் பார்ப்பேன்.

மாட்டுங்காவும் செம்பூரும் தாராவியும் கைகோக்கும் இடம் சயான். அங்கே ஞாயிறு மாலைத் தமிழ்க் கூட்டங்களில் மாமாவுக்குப் போட்டியாக ஓர் அண்ணாச்சி உண்டு. நெல்லைச் சீமையிலிருந்து தாராவித் தோல் ஷாப்புகளுக்கு வந்தவர்களின் பேரன். தானும் தோலில் ஆரம்பித்து மாநகராட்சியில் முடித்தவர். பெரியார் விழா, அம்பேத்கர் ஜெயந்தி, திருக்குறள் வகுப்பு, பட்டிமன்றம் எதையும் விடமாட்டார். நோட்டு கிடையாது, எல்லாம் தலைக்குள். மாமா காபிக்கு வரிசையில் நிற்கும்போது அண்ணாச்சி முன்னால் இடம் பிடித்து வைத்திருப்பார். அண்ணாச்சிக்கு இரண்டாவது சமோசா மாமா தட்டிலிருந்து போகும். அரங்குக்குள் வந்தால் எதிரெதிர்ப் பக்கம். "சார் சொன்னதுல ஒரு சின்னத் திருத்தம்" என்று அண்ணாச்சி எழுந்தால் நன்றியுரைக்காரர் தன் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொள்வார்.

ஒரு ஜூலை ஞாயிறு, மழையில் ரயில் நின்று பேச்சாளர் தாணாவுக்கு அப்பால் மாட்டிக்கொண்டார். அவையில் முப்பது பேர், சமோசாவும் வந்தாயிற்று. செயலாளர் கையைப் பிசைந்தார். "மாமா, நீங்கதான் எல்லாத்தையும் நோட்ல வெச்சிண்டிருக்கேளே, ஒரு அரைமணி சமாளிங்கோ."

மாமா மேடையேறினார். மைக்கை முழம் உயர்த்தினார், மறுபடி இறக்கினார். சோழர் கடற்படை இருந்த பக்கத்தைத் திறந்தார். கண்ணாடியைத் துடைத்தார். சுருக்கெழுத்தைச் சூட்டோடு சூடாக டைப் அடித்துவிட வேண்டும். ஆறினால் எழுதினவனுக்கே பிடிபடாது. ராஜேந்திரன் புறப்பட்டான். நாகப்பட்டினம் தாண்டினான். அதற்கப்புறம் ஒரு வளைவு கப்பலா கப்பமா என்று தெரியவில்லை. மூன்று நிமிஷத்தில் கடலும் வற்றியது, மாமாவும் வற்றினார்.

"அவையோருக்குக் கேள்வி இருந்தால்..."

"கேள்வி இல்ல சார்," என்று அண்ணாச்சி எழுந்தார், "ஒரு சங்கதி சொல்லணும்லா."

பாந்த்ராவில் இருந்த கசாப்புக்கூடம் தியோனாருக்குப் போனபின் தாராவித் தோல் ஷாப்புகள் ஒவ்வொன்றாக அடங்கிய கதையைச் சொன்னார். சுண்ணாம்புத் தொட்டி, கடுக்காய் வாடை, முதல் மழைக்கு உள்ளே புகுந்த மித்தி ஆற்றுத் தண்ணீர். நாற்பது நிமிஷம். செயலாளர் மணியை அடித்தாரோ என்னவோ, யாருக்கும் கேட்கவில்லை.

முடிந்ததும் மாமா மேடையில் நின்றபடியே கையைத் தூக்கினார்.