வீட்டுக்காரர் பேரென்ன?

சிறப்புத் தீவிரத் திருத்தம் என்று பேர் வைத்து 2025 நவம்பரில் வீடு வீடாக ஒரு படிவம் கொடுத்தார்களே, அதிலிருந்து பிடித்தது முன்னோரைத் தேடும் இந்த வியாதி. 2002 வாக்காளர் பட்டியலில், சில தொகுதிகளில் 2005 பட்டியலில், நீ இருந்தாயா, இல்லாவிட்டால் உன் அப்பன், ஆத்தாள், தாத்தன், பாட்டி யாராவது இருந்தார்களா என்று கேட்டது அது. சேலம், நாமக்கல் ஜனங்களுக்கு இதில் கூடுதல் தண்டனை. கபிலர்மலை, பனமரத்துப்பட்டி, தலைவாசல் என்று தொகுதிகளே 2008 மறுசீரமைப்பில் காணாமல் போய்விட்டன. இல்லாத தொகுதியில், மாறிப்போன பாகத்தில், பழைய கதவு எண்ணில் அப்பாவைத் தேடிப் பிடித்தவர்களுக்கு ருசி கண்டுவிட்டது. இருபது வருஷம் பின்னால் போனவர்கள் நூற்றைம்பது வருஷமும் போய்ப் பார்த்துவிடலாம் என்று கிளம்பிவிட்டார்கள். இப்போது கல்யாண வீட்டில் இலை போடுவதற்கு முன்பே வம்சாவளியைப் பரிமாறிவிடுகிறார்கள். கொள்ளுத்தாத்தாவின் அப்பா பிறந்த தேதி வேண்டுமாம். எதற்கு, கேக் வெட்டவா?

தேடுவது தப்பில்லை, தேடும் இடம்தான் தப்பு என்பது என் கட்சி. பிறப்புப் பதிவேட்டிலும் சென்சஸிலும் நம் முன்னோர்கள் இல்லை. இரண்டும் தலையை எண்ண வந்தவை. ஆள் யார் என்பது அவற்றுக்கு அநாவசியம். 1871இல் சென்னை மாகாணத்தில் கணக்கெடுத்தபோது சேலம் ஜில்லாவில் சுமார் 19 லட்சத்து 67 ஆயிரம் பேர். 1881 பிப்ரவரியில் மறுபடி எண்ணினால் சுமார் 16 லட்சம்தான். நடுவில் வந்துபோனது தாது வருஷப் பஞ்சம். மூன்றரை லட்சத்துக்கும் மேல் ஆள் குறைந்ததைச் சொல்லும் அந்தத் தடித்த புத்தகங்களில் வயது வாரியாக, மத வாரியாக, சாதி வாரியாக, பார்வையற்றவர், காது கேளாதவர் வரைக்கும் அட்டவணை உண்டு. பெயர் மட்டும் கிடையாது. பெயர் எழுதிய தாள்களைக் கூட்டி முடித்ததும் ஒழித்துக் கட்டிவிட்டார்கள். அதே காலத்து இங்கிலாந்தில் தாள்களைப் பூட்டி வைத்து, நூறு வருஷம் கழித்துத் திறக்கிறார்கள்; 1921 கணக்கு 2022 ஜனவரியில் வெளியே வந்தது. அமெரிக்காவில் 72 வருஷம். 1950 கணக்கு 2022 ஏப்ரலில் வந்தது. லண்டனில் ஒரு மளிகைக்காரனின் பேத்தி, தாத்தா எந்தத் தெருவில் எத்தனை பேரோடு குடியிருந்தார் என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம். இங்கே 1948ஆம் வருஷச் சென்சஸ் சட்டப்படி, தாள் மிஞ்சியிருந்தாலும் யாரும் பார்க்கவே முடியாது. அந்தரங்கம் என்று ஒன்று உண்டே, சொன்னதை ரகசியமாக வைப்போம் என்றால்தானே ஜனங்கள் உண்மையைச் சொல்வார்கள் என்று கேட்கலாம். உயிரோடிருப்பவர் விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். 1881இல் ராசிபுரத்தில் இருந்த ஒரு கிழவருக்கு இன்னும் என்ன அந்தரங்கம் பாக்கி?

அந்தத் தாள்கள் பிழைத்திருந்தால் மட்டும் என்ன வாழ்ந்திருக்கும்? கணக்கெடுக்க வந்தவர் திண்ணையில் உட்காருகிறார். ஆம்பளை காட்டுக்குப் போயிருக்கிறார். வாசலில் நிற்பது பெண்டாட்டி. வீட்டுக்காரர் பேரென்னம்மா? சொல்வாளா? புருஷன் பேரைச் சொன்னால் அவனுக்கு ஆயுசு குறைந்துவிடும். ஆகவே விடுகதை போடுவாள். “அதானுங்க, மலை மேல நிக்கறாருங்களே, அந்தச் சாமி பேருங்க.” எந்த மலை? இந்தப் பக்கம் மலைக்கா பஞ்சம்: கொல்லிமலை, நைனாமலை, கபிலர்மலை, சேர்வராயன்மலை. “பாதி ஐயன், பாதி அம்மனுங்க.” சரி, திருச்செங்கோடு. அர்த்தநாரீசுவரனா, அர்த்தனாரியா, அதே மலையில் இருக்கிற செங்கோட்டு வேலனா, வெறும் செங்கோடனா? அவள் தலையைச் சாய்த்த கோணத்தை வைத்து ஏதோ ஒன்றை அவர் எழுதிக்கொள்வார். நாமக்கல் பக்கம் போனால் “கூரையில்லாம நிக்கறாருங்க.” ஆஞ்சநேயர் என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் புருஷன் அனுமந்தனா, ஆஞ்சநேயனா, மாருதியா? சாமி பேராக இல்லாவிட்டால் இன்னும் மோசம். “எங்க மாமனாரைப் பெத்தவரு பேருங்க.” அவர் பேரென்னம்மா? “ஐயோ, ரெண்டும் ஒரே பேருங்களே, எப்படிச் சொல்றது?” இந்த ஆசாரம் கணக்கெடுப்போடு நிற்கவில்லை. வெள்ளையன் பெண்டாட்டிக்கு வெள்ளிக்கிழமையே கிடையாது. வியாழனுக்கு மறுநாள்தான் உண்டு. ஆறுமுகத்தின் பெண்டாட்டி நெல் அளந்தால் ஐந்துக்குப் பிறகு ஏழு; வாங்குகிறவன் பாடு திண்டாட்டம். பழனிச்சாமியின் பெண்டாட்டி தைப்பூசத்துக்குப் பாதயாத்திரை கிளம்பினால், எந்த ஊருக்குப் போகிறோம் என்று வழியில் கேட்பவர்களுக்குச் சொல்ல மாட்டாள். நாச்சிமுத்துவின் பெண்டாட்டி முத்து மாலை கேட்க வழியில்லை. ராமசாமி பெண்டாட்டி ஏகாதசிக்கு எந்த நாமத்தைச் சொல்லிக் கும்பிட்டாளோ, அந்த நாராயணனுக்கே வெளிச்சம்.

வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால், தேர்தல் கமிஷனைக் கேளுங்கள். 1951-52 முதல் பொதுத்தேர்தலுக்குப் பட்டியல் எடுத்தபோது, நாட்டில் சுமார் 28 லட்சம் பெண்கள், புருஷன் பேர் இருக்கட்டும், தங்கள் பேரையே சொல்ல மாட்டோம் என்றுவிட்டார்கள். இன்னார் மனைவி, இன்னார் தாய் என்றே எழுதிக்கொள்ளச் சொன்னார்கள். அப்போதைய தலைமைத் தேர்தல் கமிஷனர் சுகுமார் சென் பிடிவாதமாக அந்தப் பதிவுகளை நீக்கச் சொல்லிவிட்டார். பெரும்பாலும் வடக்கேதான் இது நடந்தது, நம் பக்கம் அவ்வளவு இல்லை என்பது நியாயமான ஆட்சேபம். ஆனாலும் அவர்களுடைய பேத்திகளுக்கு இப்போது 1951ஆம் வருஷத்துப் பாட்டி கிடையாது. இன்னொரு சங்கடம், தாத்தன் பேரைப் பேரனுக்கு வைக்கும் நம் வழக்கம். ராமசாமி மகன் முத்துசாமி, முத்துசாமி மகன் ராமசாமி என்று நூறு வருஷம் மேலே ஏறினாலும் இரண்டே பேர்தான் மாறி மாறி வருவார்கள். எந்த ராமசாமி எந்த ராமசாமி என்று பிரிப்பது பெரும்பாடு.

பிறப்புப் பதிவேட்டுக்கு வருவோம். 1899லேயே இதற்கு இந்த மாகாணத்தில் சட்டம் வந்துவிட்டது. நாடு முழுக்கக் கட்டாயமாக்கிய சட்டம் 1970 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. ஆக, ஏடு இருக்கிறதே என்பார்கள். ஏடு இருக்கிறது; அதில் குழந்தையின் பேர் இருக்காது. பிறந்ததும் ‘ஆண்’ அல்லது ‘பெண்’ என்று எழுதி, பேர்க் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவார்கள். பேரை ஒரு வருஷத்துக்குள் இலவசமாகவும், பதினைந்து வருஷம் வரை தாமதக் கட்டணத்தோடும் பதியலாம் என்று விதியே இருக்கிறதென்றால் காலிக் கட்டம் எத்தனை என்று ஊகித்துக்கொள்ளுங்கள். கிராமத்தில் இதை எழுதும் பொறுப்பு முன்சீப்புக்கு. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு முன்சீப், கணக்குப்பிள்ளை பதவிகளை ஒரே அவசரச் சட்டத்தில் ஒழித்தபோது, எந்த ஏடு யார் வீட்டுப் பரணில் தங்கிற்று என்பது அந்தந்த ஊர்க் கரையானுக்குத்தான் தெரியும். போதாக்குறைக்கு நாமக்கல் தாலுகாவே கொஞ்ச காலம் திருச்சி ஜில்லாவோடு இருந்து 1929இல் சேலத்துக்குத் திரும்பி, 1997 ஜனவரியில் தனி மாவட்டமானது. தாத்தா ஒரே வீட்டில் படுத்துக்கொண்டே மூன்று ஜில்லா பார்த்திருக்கிறார்.

சரி, அப்படியானால் எவன்தான் தாளில் இருக்கிறான்? ஊரை விட்டு ஓடினவன் இருக்கிறான். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து முதல் கப்பல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போய்ச் சேர்ந்ததிலிருந்து, ஒப்பந்தக் கூலியாகப் போன ஒவ்வொருவருக்கும் எண் போட்டு, பேர், அப்பா பேர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பிலுள்ள தழும்பு வரைக்கும் எழுதி வைத்திருக்கிறார்கள். மொரீஷியஸுக்குப் போனவன் என்றால் மோகாவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் அவன் பதிவு இருக்கும். அதிர்ஷ்டமிருந்தால் புகைப்படமும் இருக்கும். பஞ்சத்தைத் தாங்கிக்கொண்டு இங்கேயே கிடந்து, கிஸ்தி கட்டி, கிணறு வெட்டிச் செத்த அண்ணனுக்கு ஒரு வரி கிடையாது. சொல்லாமல் கப்பலேறிய தம்பிக்கு முழங்கால் தழும்பு உட்பட ஜாதகம். கூலி கொடுக்கிறவன் ஓடிப்போகிறவனைப் பிடிக்க அடையாளம் வைத்துக்கொள்கிறான். இங்கேயே இருப்பவனை எதற்குப் பிடிக்க வேண்டும்?

இங்கேயே இருந்தவனைத் தாளில் பிடித்துக் கொடுத்தது நிலமும் கடனும்தான். சார்பதிவாளர் அலுவலகத்துப் பழைய கிரயப் பத்திரத்தையும் அடமானப் பத்திரத்தையும் எடுத்துப் பாருங்கள். இன்னார் குமாரர் இன்னார், நான்கு எல்லை, கிணற்றில் பங்கு, தென்னை எத்தனை, வண்டித்தடம் எது என்று இருக்கும். தாத்தா பிறந்ததை யாரும் எழுதவில்லை. அவர் வட்டி கட்டத் தவறியதை மூன்று சாட்சியோடு எழுதியிருக்கிறார்கள். பாட்டிகளும் இங்கே வந்துவிடுகிறார்கள், அதுவும் பெருவிரல் ரேகையோடு, தன் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரத்தில். 1989இல் தமிழ்நாட்டில் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு உண்டு என்று சட்டம் வந்ததும், அதுவரை கல்யாணப் பத்திரிகையில்கூடச் சரியாகப் பேர் வராத பாவாயிகளும் அத்தாயிகளும் ஊர் ஊராகப் பத்திரங்களில் முளைத்தார்கள். அண்ணன்கள் கார் வைத்துக் கூட்டிவந்து, ரேகை வாங்கி, பரோட்டா வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள்.

பத்திரமெல்லாம் எதற்கு, எங்கள் கூட்டம் எது, காணி எது, குலதெய்வம் எது என்று எழுநூறு வருஷத்துக்கு எங்களுக்குத் தெரியுமே என்று ஒரு கட்சி கிளம்பும். தெரியட்டும். ராஜாவுக்குப் படை நடத்திய எழுநூறு வருஷத்து மூதாதையைச் சட்டம் போட்டு மாட்டுகிறவரிடம், அப்பாவின் அம்மாவைப் பெற்றவள் பேரென்ன என்று கேட்டுப் பாருங்கள். யார் பெண்டாட்டி, எந்த ஊர்ப் பெண், எத்தனை பிள்ளை பெற்றாள், எல்லாம் வரும். பேர் மட்டும் வராது. அதற்குள் அவர் அடுத்த ராஜாவுக்குத் தாவியிருப்பார். மேடையில் ஒலிபெருக்கியும் அவர் கையில்தான் இருக்கும்.