கிழக்கிலிருந்து வந்த செட்டியார்

விருத்தாசலத்தில் குயவன் கதையைப் பிரசங்கம் செய்யத் தனித் துணிச்சல் வேண்டும். வெளியூரிலிருந்து வரும் பிரசங்கியார்களுக்கு அது ஏராளம். ஜங்ஷனில் இறங்கும்போதே, இது பீங்கான் ஊர் என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். உடனே எரேமியா பதினெட்டாம் அதிகாரம். குயவன் வீடு, சக்கரம், கையிலேயே கெட்டுப்போன பாண்டம், அதே மண்ணைப் பிசைந்து வேறொன்றாக வனைவது. மேடையில் நின்று இரண்டு கைகளாலும் இல்லாத சக்கரத்தைச் சுற்றுவார்கள். பீங்கான் யூனிட் ஆட்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

எங்கள் தொழிற்பேட்டையில் சக்கரம் வேண்டுமென்றால் சைக்கிள் ஸ்டாண்டுக்குத்தான் போக வேண்டும். இங்கே அச்சு வேலை. நெய்வேலியில் நிலக்கரிக்காகத் தோண்டும்போது மேலே கிடைக்கிற வெள்ளைக் களிமண்ணை நம்பி வளர்ந்த தொழில் இது. மண்ணையும் கல்பொடிகளையும் தண்ணீரில் கரைத்து, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச, ஓரமெல்லாம் மண் படியும். மிச்சக் கரைசலைக் கவிழ்த்துவிட்டு அச்சைப் பிரித்தால் பிள்ளையார். பக்கத்து அச்சைப் பிரித்தால் மாதா. இரண்டும் ஒரே தொட்டிக் கரைசல்தான். அங்கே நான் கணக்கு எழுதுகிறேன்.

ஒரு கூட்டம் முடிந்ததும் எங்கள் அச்சுக்காரர் பிரசங்கியாரிடமே போய், "ஐயா, நம்ம ஊர்ல கர்த்தர் வனையறதில்லீங்க, ஊத்தறாரு" என்றார்.

"கருத்து ஒண்ணுதான் பிரதர்."

ஒன்றில்லை. சுடுவதற்கு முன் உடைந்த பொம்மையைத் தொட்டியில் போட்டால் மறுபடி கரைந்துவிடும். சூளையில் ஆயிரம் டிகிரியைப் பார்த்துவிட்டு வந்ததை எந்தக் கொம்பனாலும் கரைக்க முடியாது. எரேமியாவுக்கும் அது தெரிந்திருக்கிறது. அடுத்த அதிகாரத்திலேயே சுட்ட கலசத்தைப் போட்டு உடைக்கிறார். ஐம்பது வயது தாண்டியவர்கள் நிறைந்த சபையில் பதினெட்டைப் பேசுவதா, பத்தொன்பதைப் பேசுவதா என்று பிரசங்கியார்கள் கொஞ்சம் யோசிக்கலாம். எங்களில் பெரும்பாலோர் சூளைக்குப் போய்விட்டு வந்தவர்கள்.

'நீதான் அந்தக் களிமண்' என்று பிரசங்கியார் விரல் நீட்டும் நேரத்தில் சபையைக் கவனிக்க வேண்டும். மாமியார் மருமகளைப் பார்ப்பார். மருமகள் மாமியாரின் மகனைப் பார்ப்பாள். என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் பொருளாளரைப் பார்த்தேன். பொருளாளர் கூரையைப் பார்த்தார். பழுதுபார்க்க இன்னும் காணிக்கை சேராத கூரை.

இப்படித் தன்னை விட்டு மற்றவர்களை எண்ணுவதைக் கதையாக எழுதிவைத்த புண்ணியவான் இந்தப் பக்கத்தில் நடமாடியவர்தான். 1680-ல் இத்தாலியில் பிறந்து, இங்கே வந்து 'தேம்பாவணி' பாடிய வீரமாமுனிவர். பரமார்த்த குருவும் ஐந்து சீடர்களும் ஆற்றைக் கடக்கிறார்கள். அக்கரையில் எண்ணிப் பார்த்தால் ஐந்து பேர். எண்ணுகிறவன் ஒவ்வொருவனும் தன்னை விட்டுவிடுகிறான். ஆறு ஒருவரை விழுங்கிவிட்டது என்று கூடி அழுகிறார்கள். கடைசியில் ஒரு வழிப்போக்கன் காசு வாங்கிக்கொண்டு, ஆளுக்கொரு அடி போட்டு எண்ணித்தான் ஆறாவது ஆளைக் கண்டுபிடிக்கிறான். மடத்துக் குருக்களை நையாண்டி செய்த கதை என்பார்கள். எங்கள் கமிட்டிக் கூட்டத்தில் உட்கார்ந்து பார்த்தவனுக்கு அப்படித் தோன்றாது. குறையுள்ளவர்கள் யார் யார் என்று அங்கே ஆளுக்கொரு பட்டியல். எல்லாவற்றிலும் ஒரு பெயர் குறையும். வழிப்போக்கனைத்தான் காணோம்.

சாலையில் விசுவாசியாக இருப்பது வேறு கஷ்டம். என் ஸ்கூட்டரில் வசன ஸ்டிக்கர் உண்டு. ரயில்வே கேட் திறந்ததும் இரண்டு பக்கத்து வண்டிகளும் மொத்த ரோட்டையும் அடைத்துக்கொண்டு நேருக்கு நேர் நிற்கும்போது, எதிரே இருப்பவனைப் பற்றி எனக்குச் சில கருத்துகள் தோன்றும். வண்டியில் வசனத்தை ஒட்டிக்கொண்டு அவற்றைச் சொல்ல முடியாது. ஆகவே ஸ்டிக்கர் பின்பக்கம் மட்டும். எதிரே வருகிறவனுக்கு நான் எந்த மதம் என்று தெரியாது. பின்னால் வருகிறவன் பார்வையில் நான் சாந்தசொரூபி.

கடன் விஷயம் அப்படி இல்லை. திரும்ப வரும் என்று எதிர்பாராமல் கொடுக்கச் சொல்லியிருக்கிறது. சபைச் சகோதரர் ஒருவருக்கு ஐயாயிரம் கைமாற்று கொடுத்தேன். வேத வாக்கியத்தை அவர் என்னைவிட ஆழமாகப் படித்திருக்கிறார். எங்கே கண்டாலும் ஓடிவந்து இரண்டு கைகளாலும் என் கையைப் பிடித்துக்கொள்வார். "பிரதர், உங்க பொறுமைக்காகத்தான் தினமும் ஜெபிக்கிறேன்." ஜெபம் கேட்கப்பட்டிருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்த ஊரில் இதற்கு முன்னுதாரணமும் இருக்கிறது. ஊர்ச் சிவனான பழமலைநாதர் கொடுத்த பன்னிரண்டாயிரம் பொன்னையும் சுந்தரர் இங்கே மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார் என்பது தலபுராணம். ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது என்று ஊரே பழமொழி பேசும். அவரும் சும்மா போடவில்லை. மாற்று சரிபார்க்க மச்சம் என்று ஒரு மாதிரித் துண்டை வெட்டிவைத்துக்கொண்டுதான் போட்டார். தம்பிரான் தோழரான சுந்தரரே கையில் அத்தாட்சி வைத்துக்கொண்டபோது, ஒரு புரோநோட்டுகூட எழுதி வாங்காத என்னை நினைத்து என் மனைவிக்கு வருகிற கோபம் நியாயமானதுதான்.

இதெல்லாம் சில்லறை. மூப்பர் கதைக்கு வருகிறேன்.

நவம்பர் கடைசியில் சபை மூப்பர் ஒருவர் யூனிட்டுக்கு வந்தார். கிறிஸ்துமஸ் குடில் செட் வேண்டும், 'விசுவாசிகளுக்குள்ள விலை'யில். அந்த விலை என்பது அடக்க விலைக்கும் கீழே, அன்புக்குக் கொஞ்சம் மேலே. முதலாளி வெளியூர். மூப்பரைப் பகைத்தால் ஞாயிறன்று காணிக்கைப் பையை என் முகத்துக்கு நேரே அதிக நேரம் பிடித்துக்கொண்டிருப்பார். ஒப்புக்கொண்டேன்.

சூளை திறந்தபோது குழந்தை, மரியாள், யோசேப்பு, மேய்ப்பர்கள், ஒட்டகம் எல்லாம் பத்திரம். ஞானிகளில் ஒருவருக்கு மட்டும் இடுப்போடு விரிசல். புதிதாக ஊற்றிக் காயவைத்துச் சுட நாளாகும். மூப்பருக்கோ மறுநாளே வேண்டும்.

"சுவிசேஷத்துல மூணு பேர்னு எங்கயும் இல்லீங்களே" என்றேன். உண்மைதான், மத்தேயு எண்ணிக்கை சொல்லவில்லை. காணிக்கைதான் மூன்று.

"பில்லுல மூணுன்னு போட்டிருக்கியேப்பா."

கணக்கு எழுதுகிறவனை இதைவிட மோசமாக மடக்க முடியாது. அப்போதுதான் அச்சுக்காரர் உள்ளே போய், கொலு சீசனில் விற்காமல் நின்ற செட்டியார் பொம்மையைக் கொண்டுவந்து ஒட்டகத்துக்குப் பக்கத்தில் வைத்தார். தொந்தி, தலைப்பாகை, முன்னால் சிறுசிறு தானியக் குவியல்.

"கிழக்கேருந்து வந்த ஞானிதானுங்களே. கிழக்குன்னா நம்ம பக்கமும்தானே."

மூப்பரின் முகம் சிவந்தது. மரபு, சாட்சி, பிள்ளைகள் என்ன நினைப்பார்கள் என்று ஆரம்பித்தார். நான் கோணான்குப்பத்தை எடுத்துவிட்டேன். பழமலைநாதர் கோயிலில் அம்மன் பெரியநாயகி. பக்கத்திலேயே கோணான்குப்பத்தில் வீரமாமுனிவர் கட்டிய கோயிலில் மாதாவும் பெரியநாயகிதான். நம் வீட்டுப் பெண்கள் மாதிரிப் புடவை கட்டியவள். ஜனவரித் திருவிழாவுக்கு ஜாதி மதம் பார்க்காமல் ஜனங்கள் போகிறார்கள். இத்தாலிக்காரர் மாதாவுக்கே புடவை கட்டியிருக்கும்போது, நாம் ஒரு ஞானிக்குத் தலைப்பாகை கட்டக்கூடாதா?

மூப்பர் செட்டியாரைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கு நம்பிக்கை வந்தது. மனம் இளகுகிறது, பதினெட்டாம் அதிகாரம் நடக்கிறது என்று நினைத்தேன்.

"போன சீசன் மால்தானே இது? இன்னும் ஐம்பது குறைச்சுக்கோ."

குறைத்தேன். பில்லில் 'ஞானி (பழையது) 1' என்று எழுதினேன்.

கிறிஸ்துமஸ் முடிந்து இரண்டு நாள் கழித்து போன் வந்தது. திட்டத்தான் போகிறார் என்று மனதைத் தேற்றிக்கொண்டு எடுத்தேன். குடிலைப் பார்க்க வந்த பிள்ளைகள் மற்ற இரண்டு ஞானிகளைத் திரும்பியும் பார்க்கவில்லையாம். பக்கத்துத் தெரு மளிகைக்கடைக்காரர் வந்து, யாருக்கும் தெரியாமல் செட்டியார் முன்னால் ஒரு ரூபாய் வைத்துவிட்டுப் போனாராம்.

"அது கிடக்கட்டும்ப்பா, ஒரு சின்ன விஷயம்" என்று குரலைத் தாழ்த்தினார் மூப்பர். "அவரு மட்டும் தனியா நிக்கிறது நல்லா இல்லேங்கறா எங்க வீட்டம்மா. செட்டிச்சி பொம்மை ஸ்டாக்ல இருக்கா? விசுவாசிகளுக்குள்ள விலையில?"